சோப்புப் பட்ட மஞ்சள்

ஓரமாப் போகாதீங்க சம்பந்தியம்மா, கார்ப்பெட் மேலயே நடந்து வாங்க. எல்லாரும் இப்படித்தான். இந்த ஹாலுக்குள்ள வந்ததும் காலைச் சுருக்கிக்கிட்டு சுவரை ஒட்டியே போவாங்க. மிதிக்கத்தானே போட்டிருக்குது. அழுக்காயிருமோன்னு நீங்க பயப்படவே வேண்டாம், எடுக்கறதுக்கு நான் இருக்கறேன். அந்தப் பெரிய சோபாவுலயே உக்காருங்க. நிச்சயம் பண்றதுக்கு முன்னாடியே சம்பந்தின்னு கூப்பிடறாளேன்னு நினைச்சுக்காதீங்க. உங்க யமுனாவைப் பார்த்ததுமே எனக்கு மனசுல பட்டுருச்சு. அமரிக்கையான பொண்ணு. தண்ணி குடிச்சுட்டு டம்ளரைக் கீழ வைக்கறப்பக்கூடச் சத்தம் வரலை. நான் கவனிச்சேன்.

யமுனாவும் என் பையன் முகுந்தனும் இப்ப வந்துருவாங்க. அவன் வேலை பார்க்கற டீ ஃபேக்டரி பக்கத்துலதான், ரோட்டுல கொஞ்சம் இறங்கினாப் போதும். காட்டிட்டுக் கூட்டிட்டு வந்துருவான். சின்னப் பசங்களா என்ன, மனசு விட்டுப் பேசிக்கட்டும். நீங்க ஜன்னலையே பார்த்துட்டிருக்காதீங்க, இந்த மூடுபனியில வாசல் கேட்டுகூடத் தெரியாது. முகுந்தனுக்குப் பழகின ரோடுங்க. கார்ல கொஞ்சம் வேகமாப் போவான், அவ்வளவுதான்.

கார்ப்பெட்டைத்தானே பார்க்கறீங்க? கேளுங்க, எல்லாரும் கேக்கறதுதான். உங்க பொள்ளாச்சிப் பக்கம் இதெல்லாம் தேவைப்படாது, மொசைக் தரையில படுத்தாத்தான் அங்க தூக்கமே வரும். இங்க குன்னூர்ல வெறுந்தரையில காலை வெச்சா எலும்பு வரைக்கும் ஏறும். எங்க வீட்டுக்காரர், இப்ப அவர் இல்லை, எஸ்டேட்ல ஃபீல்டு ஆபீசரா இருந்தார். அங்க பழைய துரை பங்களாவை இடிக்கறப்ப இதைச் சும்மா தூக்கிப் போட இருந்தாங்க. இவர் ஜீப்புல போட்டுக் கொண்டு வந்துட்டார். சுத்தக் கம்பளி. நிறம்தான் வம்பு, தேங்காய்ப்பால் நிறம். ஒரு துளி விழுந்தாலும் வாசல்ல இருந்தே தெரியும். வேற யாராவதா இருந்தா ஒரே வருஷத்துல மாட்டுக் கொட்டகைக்குப் போட்டிருப்பாங்க. எங்கிட்ட வந்ததால இத்தனை காலமாப் புதுசு மாதிரி கிடக்குது.

இந்தத் தெருவுல யார் வீட்டுல என்ன கொட்டினாலும் எனக்குத்தான் போன் வரும். எதிர் வீட்டு ஸ்டெல்லா டீச்சர் கிறிஸ்துமஸ் அன்னைக்கு அழாத குறையாக் கூப்பிட்டாங்க, மெழுகுவத்தி உருகிக் கார்ப்பெட்ல ஒட்டிக்கிச்சுன்னு. கத்தியை எடுத்துச் சுரண்டிட்டு இருந்திருக்காங்க. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. பாடம் சொல்லிக் குடுக்கறவங்களுக்குக் கை நிதானம் இருக்காதுங்க. ஒரு பிரவுன் பேப்பரை மேல போட்டு, இஸ்திரிப் பெட்டியை லேசாச் சூடு பண்ணி வெச்சா, மெழுகு தானா பேப்பருக்கு வந்துரும். நெய் கொட்டினா மாவைத் தூவி விட்டுரணும். மாவு குடிச்சுக்கும், அப்புறமா பிரஷ்ல கூட்டி எடுத்துடலாம். டீக்கும் காபிக்கும் வெதுவெதுப்பான தண்ணியில ஒரு மூடி வினிகர். தேய்க்கவே கூடாதுங்க. துணியை வெச்சு ஒத்தி ஒத்தி எடுக்கணும். அதுவும் வெளிவட்டத்துல இருந்து உள்ள வரணும். நடுவுல இருந்து ஆரம்பிச்சீங்கன்னா கறை ஊரைச் சுத்தக் கிளம்பிரும்.

ரத்தமா? ரத்தமும் பார்த்திருக்கறேன். மழைக்காலத்துல தேயிலைக் காட்டுல அட்டை இருக்குமில்ல. எங்க வீட்டுக்காரர் காட்டுக்குள்ள சுத்திட்டு வந்து பூட்ஸைக் கழட்டினா, உள்ள அட்டை கடிச்ச ரத்தம் வடிஞ்சு நிக்கும். அது கார்ப்பெட்ல பட்டா பச்சைத் தண்ணியும் உப்பும்தான். மறந்தும் சுடுதண்ணி ஊத்தக் கூடாது. ஊத்தினா வெந்து பிடிச்சுக்கும், அப்புறம் சாமி வந்தாலும் எடுக்க முடியாது.

எதுக்கு இதெல்லாம் சொல்ல வந்தேன்னா, ரெண்டாந்தாரம்ங்கறது உங்க மனசுல உறுத்திட்டிருக்கும். இருக்காதா பின்ன? நானும் பொண்ணு வீட்டுப் பக்கத்துல இருந்து வந்தவதான். மூத்தவ ஏன் போனா, என்ன நடந்துச்சுன்னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்து உள்ள போறது எனக்குத் தெரியுதுங்க. நீங்க கேக்க வேண்டாம், நானே சொல்லிடறேன். ஒளிச்சு வைக்க ஒண்ணும் இல்லை.

அவ பேரு சாருமதி. நல்ல குடும்பந்தான், அப்பா தாராபுரத்துல ஸ்கூல் ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். பார்க்கவும் லட்சணமா இருப்பா. வைகாசியில கல்யாணம், இங்க வந்ததும் மழை பிடிச்சுக்கிச்சு. ஆனா அந்தப் பொண்ணுக்குக் கை நிதானமே கிடையாதுங்க. எதை எடுத்தாலும் கொட்டும். வந்த வாரமே காபி. அதோ, டிவி ஸ்டாண்டுக்கு முன்னால. முழு டம்ளர், அப்படியே சுவர்ல அடிச்சுக் கீழ வழிஞ்சுருச்சு. கை தவறிருச்சு போலிருக்குதுன்னு நான் துணியை எடுத்துட்டு ஓடினேன்.

சுவர்ல எப்படிப் பட்டுச்சுன்னா கேக்கறீங்க? காபி ஆறிப் போச்சுன்னு முகுந்தன் டம்ளரைக் கொஞ்சம் வேகமாத் திருப்பிக் குடுத்திருக்கான். இவ வாங்கிக்கத் தெரியாம நின்னிருக்கா. ஒருத்தர் குடுக்கறப்ப ரெண்டு கையையும் நீட்டி வாங்கணும்னு நாமெல்லாம் சொல்லியா தெரிஞ்சுக்கிட்டோம்?

அப்புறம் வெண்பொங்கல். நல்லா நெய் விட்டுப் பண்ணியிருந்தேன். அந்தக் கதவுகிட்டத் தட்டோட கவிழ்ந்துச்சு. உப்பு ஒரு கல்லு தூக்கல்னு அவன் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. தூக்கல்தான், நான் ருசி பார்த்தேன். மாவைத் தூவிட்டு, சாருமதி, வந்து பாரு, நெய்யை எப்படி எடுக்கறதுன்னு கத்துக்கோன்னு கூப்பிட்டேன். அவ வரவே இல்லை. அங்க, படிக்கட்டுகிட்ட நின்னு என்னையே பார்த்துட்டிருந்தா. கார்ப்பெட்டைப் பார்க்கலை, என்னைப் பார்த்துட்டிருந்தா. பெரியவங்க முட்டி போட்டுத் துடைச்சுட்டிருக்கறப்ப மருமக நின்னு வேடிக்கை பார்க்கறது என்ன பழக்கம்னு எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. ஆனா சொல்லலை. நான் அப்படிப்பட்ட மாமியார் இல்லைங்க. வேணும்னா ஸ்டெல்லா டீச்சரைக் கேட்டுப் பாருங்க.

நகப் பாலிஷ் பாட்டில் உடைஞ்சது ஒரு நாள். மை கொட்டினது ஒரு நாள். ஆடி பிறக்கறதுக்குள்ள இந்த ஹால்ல நான் துடைக்காத இடம் பாக்கி இல்லை. எனக்கு மூட்டு வலி வேற. ஒரு பக்கம் அவன் கத்தல், ஒரு பக்கம் மழை. இவ என்னடான்னா வாயே திறக்கறதில்லை. வந்த புதுசுல அத்தை அத்தைன்னு பின்னாலயே சுத்தினவதான். போகப் போக, கூப்பிட்டாத்தான் வருவா. அதுலயும் கையை முந்தானைக்குள்ள சுத்தி வெச்சுக்கிட்டு வருவா. குளிருதான்னு கேட்டேன். ஆமாங்கத்தைன்னா. ஸ்வெட்டர் எடுத்துக் குடுத்தேன். என்ன இருந்தாலும் நான் அவளை நல்லாத்தான் பார்த்துக்கிட்டேன்.

ஒரே ஒரு தடவை அவளா வந்து பக்கத்துல உக்காந்தா. நான் ரசக் கறை எடுத்துட்டிருந்தேன். "அத்தை, இவ்வளவும் உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டா. அப்பாடா, இப்பவாவது கேட்டாளேன்னு எனக்கு சந்தோஷம். "உங்க மாமாகிட்டக் கத்துக்கிட்டேன்"னு சொன்னேன். "மாமா சொல்லிக் குடுத்தாரா?"ன்னா. சிரிப்பா வந்துச்சு எனக்கு. "அவர் எங்க சொல்லிக் குடுத்தார், அவர் வீசுவார், நான் துடைப்பேன். அப்படித்தான் கத்துக்கிட்டேன். நீ பரவாயில்லை, உனக்குச் சொல்லித் தர நான் இருக்கறேன். எனக்கு யார் இருந்தா?"ன்னேன். உள்ளதைத்தானே சொன்னேன். அதுக்கு அந்தப் பொண்ணு என் மடியில தலையை வெச்சுட்டு அப்படி ஒரு அழுகை. எனக்கு ஒண்ணும் புரியலைங்க. தலையைத் தடவிக் குடுத்தேன். துணி காஞ்சுருமே, ரசம் உள்ள இறங்கிருமேன்னு எனக்கு அதே கவலை.

எங்க வீட்டுக்காரர் தங்கமானவர், அதையும் சொல்லிடணும். சம்பளத்தை அப்படியே கொண்டு வந்து கையில குடுப்பார். குடி கிடையாது. கோபம் மட்டும்தான். மலைக்காட்டு வேலைங்க, குளிரு, மழை, அட்டை, மேல இருக்கறவங்க வசவு. வீட்டுக்கு வந்தா எங்கயாவது இறக்கி வைக்கணுமில்ல. முகுந்தன் அதையெல்லாம் பார்த்து வளர்ந்த பையன். அப்பா தட்டைத் தூக்கினா ஓடிப் போய் அந்தப் படிக்கட்டுக்கடியில உக்காந்துக்குவான். எல்லாம் அடங்கினதும் வந்து எனக்குத் துணி பிடிச்சுக் குடுப்பான். அவ்வளவு இளகின மனசுங்க அவனுக்கு. இப்பவும் அப்படித்தான். எல்லாம் முடிஞ்சதும் அவன் அழுவான் பாருங்க, நமக்கே மனசு கேக்காது.

ஆடிக்கு அழைக்கற வழக்கம் உங்கள்லயும் உண்டுதானே? தலை ஆடிக்கு அவ அப்பா வந்து கூட்டிட்டுப் போறதாச் சொல்லியிருந்தார். காலையில பஸ் ஏறிட்டேன்னு போனும் பண்ணிட்டார். சரியான மழை, கரண்ட் இல்லை. முகுந்தன் சாப்பிட உக்காந்தான். இந்தச் சோபாவுல உக்காந்து டீப்பாய்ல வெச்சுத்தான் சாப்பிடுவான், டைனிங் டேபிள் அவனுக்குப் பிடிக்காது. சாப்பிடறப்ப, "இந்த வருஷம் போக வேண்டாம். உங்கப்பாவைக் காபி குடிச்சுட்டுத் திரும்பிப் போகச் சொல்லு"ன்னான். அமைதியாத்தான் சொன்னான். அவ சாம்பார்ப் பாத்திரத்தோட நின்னுட்டு, "இல்லைங்க, நான் போறேன்"னா.

சொல்லலாமாங்க அப்படி? அதுவும் முகத்துக்கு நேரா? சரிங்கன்னு சொல்லிட்டு, அப்பா வந்ததும் அவர் வாயால கேக்க வெச்சிருக்கலாம். அதுதானே சாமர்த்தியம். நான் அடுப்படியில இருந்தபடியே கண்ணைக் காட்டினேன், அவ பார்க்கலை. ரெண்டாவது தடவையும், "நான் போறேன்"னா.

சாம்பார் முழுக்கக் கொட்டிருச்சு. மஞ்சளும் பருப்புமா நடு ஹால்ல, சரியா இந்த டீப்பாய் இருக்கற இடத்துல. அவளும் வழுக்கி விழுந்துட்டா. டீப்பாய் முனை தலையில இடிச்சுருச்சு. நான் என்ன பண்ணுவேன்? அவளைத் தூக்கி அந்தச் சுவரோரமாச் சாய்ச்சு உக்கார வெச்சு, ஒரு துண்டைக் குடுத்து அழுத்திப் பிடிச்சுக்கோன்னு சொல்லிட்டு, துடைக்க உக்காந்தேன். அவ அப்பா வர்ற நேரம். அந்தக் கோலத்துல ஹால் இருந்தா மனுஷன் என்ன நினைப்பார்?

அவசரத்துல சோப்பைப் போட்டுட்டேன். அதுதான் நான் பண்ணின தப்பு, இத்தனை வருஷம் தெரிஞ்சும். மஞ்சள்ல சோப்புப் பட்டா சிவந்து போயிரும்ங்க. ஆரத்திக்கு மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா சிவக்குதில்ல, அதே கதைதான். வெயில்ல போட்டா ரெண்டே நாள்ல வெளுத்துரும். இங்க ஆடியில வெயிலுக்கு எங்க போறது? அப்படியே நின்னுருச்சு. அதுதான் அந்த டீப்பாயை மேல இழுத்துப் போட்டிருக்கறேன்.

அவ அப்பா நனைஞ்சுட்டே வந்து நின்னார். பொண்ணைப் பார்த்தார், கார்ப்பெட்டைப் பார்த்தார். "இதென்னங்கம்மா?"ன்னு என்னைத்தான் கேட்டார். மஞ்சளுங்க, சோப்புப் பட்டதால சிவந்துருச்சுன்னு சொன்னேன். அப்புறம் விவாகரத்து விஷயமா அவங்க பக்கத்துல இருந்து வக்கீல் ஒருத்தர் வந்தப்பவும் அதையேதான் சொன்னேன். ஆரத்தியை வெச்சு விளக்கினதும் தலையாட்டிட்டுப் போனார். ஆம்பிளைங்களுக்கு இதெல்லாம் புதுசுங்க, ஆச்சரியமாக் கேட்டுக்குவாங்க. அன்னைக்குப் போனவதான் சாருமதி. போய்ட்டு வரேன் அத்தைன்னு ஒரு வார்த்தை சொல்லலை. அந்தத் துண்டைக்கூடத் திருப்பித் தரலை. மடியில போட்டுத் தடவிக் குடுத்தவளுக்கு அவ்வளவுதான் மரியாதை. அதுதாங்க எனக்கு இன்னைக்கும் ஆறலை.

வெயில் காலத்துல போட்டிருக்கலாமேன்னா கேக்கறீங்க? போட்டேன். அடுத்த சித்திரையில ஆளை வெச்சுத் தூக்கிக் காம்பவுண்டு சுவர்ல மாசம் பூரா காயப் போட்டேன். ஓரத்துல இருந்த கறையெல்லாம் போயிருச்சு. நடுவுல ஒரு தட்டு அகலத்துக்கு மட்டும் நின்னுருச்சு. பச்சைத் தண்ணியும் உப்பும் போட்டு எத்தனை ஒத்தியிருப்பேன். என்ன மஞ்சளோ, கடைக்காரன் எதையாவது கலந்திருப்பான்.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? மஞ்சளுக்கு எதுக்கு உப்பும் பச்சைத் தண்ணியுமா? இல்லைங்க, அது சும்மா ஒரு பழக்கத்துல சொல்லிட்டேன். நீங்க எதுக்கு எழுந்திருக்கறீங்க? டீப்பாயை நகர்த்தாதீங்க, கனம். மேல கண்ணாடி. அட, விடுங்க சம்பந்தியம்மா, நான் சொன்னாக் கேளுங்க.

நீங்க கொண்டு வந்த தட்டுல இருந்து எதுக்குங்க எலுமிச்சம்பழத்தை எடுக்கறீங்க? நல்ல காரியத்துக்கு வெச்ச பழம். கத்திகூட இல்லாம, பல்லாலயே...

தெரியும். எனக்குத் தெரியாதா? சோப்புப் பட்டுச் சிவந்த மஞ்சள்ல புளிப்புப் பட்டா மறுபடி மஞ்சளாயிரும். இந்த வீட்டுல எனக்குத் தெரியாத கறை உண்டா? நல்லாப் பிழிஞ்சு விட்டுட்டீங்க. கொஞ்சம் நேரம் ஆகும், பழைய கறை. பொறுங்க, இப்ப மாறும். பாருங்க, அந்த ஓரம் கொஞ்சம் மஞ்சளா இல்லை?

இல்லையா?

எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்லைங்க.

வேண்டாம். போனை எடுக்காதீங்க. கெஞ்சிக் கேட்டுக்கறேன், யமுனாவுக்கு இப்பப் போன் பண்ணாதீங்க. அவ பக்கத்துல உக்காந்திருப்பா, அவனுக்கும் கேக்கும். உடனே கிளம்பி வான்னு சொல்லுவீங்க, உங்க குரலே காட்டிக் குடுத்துரும். ரோடு பூரா பனி, ஒரு பக்கம் பள்ளம். வண்டியில இருக்கறப்ப அவனுக்குப் பிடிக்காதது எதுவும் காதுல விழக் கூடாதுங்க. வீட்டுக்குள்ள வந்துட்டாப் பரவாயில்லை. வீடுன்னா நான் இருப்பேன், நடுவுல வருவேன். போனைக் கீழ வைங்க. சாமி சத்தியமா உங்க பொண்ணு நல்லா வந்து சேருவா, இன்னைக்கு அவன் நல்ல மனநிலையில இருக்கான். போட்டோவைப் பார்த்தே பொண்ணு பிடிச்சிருக்குதுன்னு காலையில பாட்டெல்லாம் பாடிட்டிருந்தான்.

அவனான்னா கேக்கறீங்க? நான் என்னத்தைச் சொல்ல? ஆமான்னு சொன்னா என்ன, இல்லைன்னு சொன்னா என்ன. அவன் நல்ல பையங்க. என் வயித்துல பிறந்தது எனக்குத் தெரியாதா? இல்லைங்கற வார்த்தை மட்டும்தான் அவனுக்கு ஆகாது. மூத்தவ போனதுக்கப்புறம் இந்த வீட்டுல அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. சொல்றதுக்கு என்னை விட்டா ஆள் ஏது. நான் சொல்ல மாட்டேன். ஒண்ணு ரெண்டு தடவை மறந்து போய்ச் சொல்லியிருப்பேன். அதெல்லாம் பெருசா ஒண்ணும் இல்லை. இது கழுத்துலயா? பாத்ரூம்ல வழுக்கினதுங்க. சேலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கறேன்.

யமுனா வந்தா எனக்குத் துணையா இருக்கும்னு நினைச்சேன். பொய் சொல்லலை, அதைத்தான் நினைச்சேன். முட்டி போட முடியறதில்லை இப்பெல்லாம். ரெண்டு பேரா இருந்தா கொஞ்சம் எளிதா இருக்குமேன்னு.

அழாதீங்க. அழுத முகத்தோட இருந்தா வாசல்லயே கண்டுபிடிச்சுருவான். நான் சொல்றதைக் கேளுங்க, இதுல எனக்குப் பழக்கம் அதிகம். அவன் வந்ததும் கிளம்பறோம், யோசிச்சுச் சொல்றோம்னு ஆரம்பிச்சுராதீங்க. யோசிச்சுன்னாலே அவனுக்குப் புரிஞ்சுரும். உங்களை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டு விடறேன்னு சொல்லுவான். இல்லை, மேட்டுப்பாளையத்துலயே இறக்கிவிடறேம்பான். சரிங்க தம்பின்னு ஏறிக்கோங்க, பொண்ணைப் பின்னால உங்ககூட உக்கார வெச்சுக்கோங்க. வழி பூரா கல்யாண மண்டபத்தைப் பத்திப் பேசிட்டே போங்க. பொள்ளாச்சி போய்ச் சேர்ந்து, கதவைச் சாத்திக்கிட்டு, அப்புறமா வேண்டாம்னு போன்ல சொல்லுங்க.

அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்துருங்க. பேச வேண்டாம், ரெண்டு தடவை அடிச்சதும் கட் பண்ணுங்க. நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு கிளம்பிருவேன். காரமடையிலதான் இருக்கா. சும்மா, அவ பேத்தியைப் பார்த்து நாளாச்சு. அவன் கொஞ்சம் ஆறினதும் வந்துருவேன்.

வேற யார்கிட்டயாவது சொல்லணும்னு சொல்றீங்களா? யார்கிட்டங்க? என்னன்னு? நான் பெத்தவ.

அந்தச் சத்தம் நம்ம வாசல் கேட்டுதான். வந்துட்டாங்க. பாருங்க, யமுனா சிரிக்கற சத்தம் கேக்குதா, நான் சொன்னேனில்ல. டீப்பாயை அந்தப் பக்கம் பிடிங்க, தூக்குங்க, இழுக்க வேண்டாம். இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான். எலுமிச்சம்பழத் தோலை என் கையில குடுங்க, இடுப்புல சொருகிக்கறேன். கண்ணைத் துடைங்க. இருங்க, அடுப்படியில இருந்து ஒண்ணு எடுத்துட்டு வந்துடறேன், வந்துட்டேன், வந்துட்டேன்.

இந்தாங்க கேசரி. உங்கள்லயும் இதேதானே, பேச்சு முடியாம மாப்பிள்ளை வீட்டுல பொண்ணு வீட்டுக்காரங்க கை நனைக்க மாட்டாங்க. நீங்க வந்ததுல இருந்து தண்ணிக்கு மேல எதையும் தொடலை, அதை அவன் பார்த்துட்டேதான் போயிருக்கான். போறப்ப என் காதுல சொன்னான், நான் திரும்பி வர்றப்ப அவங்க சாப்பிட்டிருக்கணும்னு. நீங்க ஒரு வாய் வெச்சுட்டாப் போதும், சம்மதம்னு நினைச்சுக்குவான். நீங்க நல்லபடியா மலை இறங்கிடுவீங்க. எனக்கும் இன்னைக்குப் பொழுது சத்தமில்லாமக் கழிஞ்சுரும்.

பொய்யாச் சாப்பிடறோமேன்னு நினைக்காதீங்க. பாவம்னு ஒண்ணு இருந்தா என் கணக்குல போகட்டும். தொண்டையில இறங்கலைன்னாலும் பரவாயில்லை, வாயில வெச்சுக்கிட்டுச் சிரிங்க. செருப்பைக் கழட்டறான். எடுங்க சம்பந்தியம்மா. ஒரு ஸ்பூன். உங்க பொண்ணுக்காக எடுங்க, எனக்காக வேண்டாம்.

ம். நல்லது. இன்னொரு வாய்.

வா முகுந்தா. ஏம்ப்பா இவ்வளவு நேரம், பனியில யமுனா நடுங்குது பாரு. உள்ள வா கண்ணு, கார்ப்பெட் மேலயே நடந்து வா. முகுந்தா, இங்க பார்த்தியா, சம்பந்தியம்மா கை நனைச்சுட்டாங்க.